ஏறுவதும் இறங்குவதும்: சனிக்கிழமை இரவுக் காற்பந்துக் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு காப்பிக்கடை இருக்கிறது. சனிக்கிழமை இரவானால் ஏழெட்டுப் பேர் அங்கே கூடிவிடுவோம். பாதிப் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். மற்றவர்கள் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்த தம்பிகள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அவர்களுக்குக் காற்பந்தில் ஒன்று புரிவதே இல்லை. முதலிடத்துக்கு வாய்ப்பே இல்லாத குழுக்கள் ஏன் உயிரைக் கொடுத்து ஆடுகின்றன? அங்கே தொடங்கி, கூட்டத்தின் நடத்தை, கிளப்களின் செலவு என்று பேச்சு எங்கெங்கோ போகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏற்ற இறக்கம் என்கிறீர்களே, அது என்ன?

ஐபிஎல்லில் கடைசி இடத்தில் முடித்த குழுவும் அடுத்த ஆண்டு அதே ஐபிஎல்லில்தான் ஆடும். இங்கிலாந்துக் காற்பந்தில் அப்படி இல்லை. பிரிமியர் லீக்கில் 20 குழுக்கள். கடைசி மூன்று கீழே இறங்கும். அடுத்த படி சாம்பியன்ஷிப். அதில் 24 குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் 46 ஆட்டங்கள். அங்கிருந்து மூன்று குழுக்கள் மேலே ஏறும். அதற்கும் கீழே லீக் ஒன், லீக் டூ, நேஷனல் லீக் என்று படிகள் போய்க்கொண்டே இருக்கும்.

கீழ்ப்படியில் கிடக்கும் குழுவும் ஏறி வரலாம் என்பதற்கு ரெக்ஸம் சாட்சி. 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஏறி, ஐந்தாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு வந்தது. லூட்டன் டவுனைப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். 2014ல் ஐந்தாம் படியை விட்டுக் கிளம்பி 2023ல் பிரிமியர் லீக்கையே தொட்டது. 2024ல் இறங்கியது, 2025ல் மறுபடி இறங்கியது. ஒன்பது ஆண்டு உழைத்து ஏறிய உயரத்தில் பாதி இரண்டே பருவத்தில் போய்விட்டது.

மேலே போக எத்தனை புள்ளி வேண்டும்?

வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று. சராசரியாக ஆட்டத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 46 ஆட்டத்துக்கு 92. பெரும்பாலான ஆண்டுகளில் அது போதும்.

போதாமல் போன ஆண்டும் உண்டா?

உண்டு. நான் பார்த்ததிலேயே மறக்க முடியாத பருவம் 2024-25. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் இரண்டு இடங்களுக்கு நேரடி ஏற்றம். அந்தப் பருவத்தில் மூன்று முதல் ஆறு வரை முடித்தவர்கள் பிளேஆஃப் ஆடி, அதில் வெல்லும் ஒருவர் மூன்றாவதாக ஏறலாம் என்பது விதி. அந்த ஆண்டு லீட்ஸ், பர்ன்லி இரண்டுமே 100 புள்ளி எடுத்தன. 46 ஆட்டத்தில் பர்ன்லி விட்ட கோல் வெறும் 16. கடைசி நாள் பிளிமத்தில் 90 நிமிடம் முடிந்த பிறகு லீட்ஸின் மானோர் சாலமன் அடித்த கோல்தான் பட்டத்தை உறுதி செய்தது. புள்ளி சமம் என்றால் அடித்த கோலுக்கும் விட்ட கோலுக்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பார்கள். அதில் லீட்ஸ் முன்னால்.

மூன்றாவது ஷெஃபீல்ட் யுனைடெட். ஆடி எடுத்தது 92 புள்ளி. ஆனால் மற்ற கிளப்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை முன்பு நேரத்தில் கொடுக்காததற்காகப் பருவம் தொடங்கும்போதே இரண்டு புள்ளி வெட்டியிருந்தார்கள். ஆகவே 90. பிளேஆஃப் இறுதியில் எதிரே நின்றது சண்டர்லாண்ட். நான்காம் இடம், 76 புள்ளி. லண்டன் வெம்ப்ளி அரங்கில் யுனைடெட் முதல் கோல் போட்டது. சண்டர்லாண்ட் சமன் செய்தது. 95வது நிமிடத்தில் டாம் வாட்சன் என்ற, சண்டர்லாண்ட் கிளப்பிலேயே பயின்று வளர்ந்த பையன் பந்தை வலைக்குள் சுருட்டிவிட்டான். 2-1. வேறு கிளப்புக்குப் போவதற்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த பையன், கிளப்பை விட்டுப் போகும் முன் அடித்த கடைசி கோல் அது.

ஒன்பது மாதம் ஓடி 14 புள்ளி முன்னால் நின்ற குழு ஒரே ஆட்டத்தில் தோற்று வெளியே நின்றது. நம் நேரப்படி இரவு பத்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம். முடிந்தபோது காப்பிக்கடையில் யாருக்கும் பேச்சு வரவில்லை. எங்களில் ஒருவர்கூட அந்த இரண்டு ஊரையும் பார்த்ததில்லை.

பிளேஆஃப் நியாயமா?

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் மாமா ஒருவர், அநியாயம் என்பார். வருடம் முழுக்கச் சேர்த்ததை ஒரு இரவில் பறிப்பதா என்று கேட்பார். நான் ஒத்துக்கொள்வதில்லை. 1987ல் பிளேஆஃப் வருவதற்கு முன், பிப்ரவரி, மார்ச் மாதத்திலேயே பாதிக் குழுக்களுக்குப் பருவம் முடிந்துவிடும். இப்போது பத்தாம் இடத்தில் இருப்பவனுக்கும் ஏப்ரல் வரை நம்பிக்கை இருக்கிறது. அரங்கம் நிரம்புவது அந்த நம்பிக்கையால்தான்.

சிங்கப்பூரில் ஏன் இது இல்லை?

சிங்கப்பூர்ப் பிரிமியர் லீக், அதாவது 1996ல் எஸ்.லீக் என்ற பெயரில் எட்டுக் குழுக்களோடு தொடங்கியது, மூடிய லீக். கடைசியில் வந்தாலும் கீழே தள்ள மாட்டார்கள். 2025-26லும் எட்டுக் குழுக்கள்தான். அமெச்சூர் குழுக்களுக்குத் தனி லீக் இருக்கிறது, ஆனால் அதை வென்றாலும் மேலே வரக் கதவு இல்லை.

காரணம் பணமும் இடமும். நம் கிளப்களுக்குச் சொந்த அரங்கம் கிடையாது. சீட்டு விற்று வரும் காசு ஆட்டக்காரர் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. உதவித்தொகை, விளம்பரதாரர்கள், முன்பெல்லாம் ஜாக்பாட் இயந்திர அறைகள் என்று வண்டி ஓடியது. 2017ல் அரசு அந்த இயந்திரங்களுக்கு விதிகளைக் கடுமையாக்கியதும் அந்த வழியும் ஒடுங்கியது. இந்த நிலையில் ஒரு கிளப்பைக் கீழே இறக்கினால் அது திரும்பி வராது, மூடிவிடும் என்ற பயம் நியாயமானதே.

ஆனாலும் எனக்கு வருத்தம்தான். கடைசி இரண்டு இடங்களில் இருப்பவர்கள் மோதும் ஆட்டம் இங்கிலாந்தில் ஊரையே நடுங்க வைக்கும். இங்கே அதே ஆட்டத்துக்குச் சில நூறு பேர் வந்து அமைதியாகப் பார்த்துவிட்டுப் போகிறோம்.

அப்படியென்றால் சிங்கப்பூர்க்காரர்களுக்கு அந்த அனுபவமே இல்லையா?

இருக்கிறது! எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் இளைய தலைமுறைக்கு இது தெரிவதில்லை.

அப்போது சிங்கப்பூர் ஒரு குழுவாக மலேசிய லீக்கில் ஆடியது. 1992ல் நாம் இறங்கினோம். ஆமாம், சிங்கப்பூரே இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 1993 முழுவதும் அந்தக் கீழ்ப் பிரிவில் ஆடினோம். வேறு எந்த ஊராக இருந்தாலும் கூட்டம் குறைந்திருக்கும். இங்கே நடந்தது நேர்மாறு. காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கத்துக்கு மக்கள் அலை அலையாகப் போனார்கள். வி. சுந்தரமூர்த்தி பந்தைத் தொட்டாலே ஐம்பதாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள். புருணைக்கு எதிராக அவர் அடித்த சைக்கிள் கிக்கை இன்றும் மாமா கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டுவார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா கூட்டிப் போனார். வாசலில் நம் ஆள் ஒருவர் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே விற்றார். ஒன்றை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு படி ஏறினேன். மேலே போய்ச் சேரும்போது பாதிக் கடலை சிந்தியிருந்தது, ஏனென்றால் அந்த இடமே அதிர்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் காலால் தரையைத் தட்டுவார்கள். அதைத்தான் காலாங் ரோர் என்றார்கள். மலாய், சீனம், தமிழ் எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்கும்.

அந்த ஆண்டு நாம் மேலே ஏறினோம். மலேசியக் கிண்ண இறுதிக்கும் போனோம், கெடாவிடம் தோற்றோம். அடுத்த ஆண்டு, 1994ல், ஃபாண்டி அகமது தலைமையில் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்தே வென்றோம். ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று வீழ்த்தியதில் மூன்று கோல் அப்பாஸ் சாட் அடித்தது. இறங்கிய இரண்டே வருடத்தில் இரட்டை வெற்றி. அதோடு நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பங்கிடுவதில் தகராறு வந்து, நாம் மலேசிய லீக்கை விட்டு வெளியே வந்தோம். 2012 முதல் 2015 வரை லயன்ஸ் டுவெல்வ் என்ற பெயரில் திரும்பிப் போய் 2013ல் லீக்கை வென்றதும் உண்டு. ஆனால் 1993ன் சூடு மறுபடி வரவில்லை. கீழே விழுந்து எழுந்த சூடு அது.

மேலே ஏறினால் பணம் கொட்டுமே, அப்புறம் ஏன் கிளப்கள் கடனில் மூழ்குகின்றன?

கொட்டும் என்பது உண்மை. 2023-24ல் பிரிமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடித்த ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கே லீக்கிலிருந்து சுமார் 110 மில்லியன் பவுண்டு கிடைத்தது. சாம்பியன்ஷிப் கிளப்புக்கு அது கனவுத் தொகை. அந்தக் கனவுதான் கேடு. இந்த வருடம் கொஞ்சம் அதிகமாகச் செலவு செய்தால் ஏறிவிடலாம், ஏறினால் கடனை அடைத்துவிடலாம் என்று பதினைந்து முதலாளிகள் ஒரே நேரத்தில் நினைக்கிறார்கள். ஏறுவது மூன்று பேர். மீதிப் பேர் கையில் பெரிய சம்பள ஒப்பந்தங்கள் மட்டும் மிஞ்சும். சாம்பியன்ஷிப் கிளப்கள் மொத்தமாக ஈட்டிய வருமானத்தைவிடக் கொடுத்த சம்பளம் அதிகமாக இருந்த பருவங்களே உண்டு. மாதம் 3,000 வெள்ளி வாங்குபவர் வீட்டு வேலையாளுக்கு 3,200 வெள்ளி சம்பளம் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இறங்கி வருபவர்களுக்குப் பாரசூட் பணம் என்று ஒன்று உண்டு. பிரிமியர் லீக் கிளப்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் ஒளிபரப்புப் பணத்தில் முதல் ஆண்டு 55 விழுக்காடு, அடுத்த ஆண்டு 45, ஒன்றுக்கு மேற்பட்ட பருவம் மேலே இருந்திருந்தால் மூன்றாம் ஆண்டு 20. விழுபவர் எலும்பு முறியாமல் இருக்கத்தான் இது. ஆனால் பக்கத்தில் நிற்கும் மற்றவனுக்கு அந்தப் பணம் இல்லை. அவன் ஈடுகொடுக்க இன்னும் கடன் வாங்குகிறான். ஏறியவர்களும் நிலைப்பதில்லை. 2023-24ல் ஏறிய மூவரும் அதே பருவத்தில் இறங்கினார்கள். 2024-25லும் அப்படியே.

செலவுக்கு வரம்பு இல்லையா?

இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் பிரிமியர் லீக் கிளப் 105 மில்லியன் பவுண்டு வரை நட்டப்படலாம், சாம்பியன்ஷிப் கிளப் 39 மில்லியன் வரை என்பது பல ஆண்டுகளாக இருந்த விதி. 2026-27 முதல் பிரிமியர் லீக்கில் இதற்குப் பதிலாக, வருமானத்தில் 85 விழுக்காடு வரைதான் ஆட்டக்காரர் செலவு என்ற கணக்கு. பழைய விதியை மீறியவர்களுக்குப் புள்ளி வெட்டினார்கள். 2023-24ல் எவர்ட்டனுக்கு 6, 2 என்று இரு முறை, நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்கு 4.

முதலாளி செய்த தப்புக்குக் குழுவையும் ரசிகர்களையும் தண்டிப்பது சரியா?

இந்தக் கேள்வியில் எனக்கே முழுத் தெளிவு வந்ததில்லை, ஆனால் ஷெஃபீல்ட் வென்ஸ்டேயை நினைத்துத்தான் பதில் சொல்வேன். 2023ல் அவர்கள் லீக் ஒன்னில் 96 புள்ளி எடுத்தும் மூன்றாம் இடம். பிளேஆஃப் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பீட்டர்பரோவிடம் 4-0 என்று தோற்றார்கள். சொந்த அரங்கில் நடந்த மறு ஆட்டத்தில் 5-1 வென்று, மொத்தக் கணக்கு 5-5 என்று சமமாகி, பெனால்ட்டியில் தாண்டினார்கள். இறுதியில் 123வது நிமிடத்தில் கோல். ஏறினார்கள். இதைவிடப் பெரிய சந்தோஷம் ஒரு ரசிகனுக்குக் கிடைக்காது.

இரண்டே ஆண்டில், 2025ல், ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் தாமதமானது. அக்டோபரில் ரசிகர்கள் ஒரு ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். அரங்கம் வெறிச்சோடியது. இரண்டு நாளில் கிளப் நொடிப்பு நிர்வாகத்தின் கைக்குப் போனது, 12 புள்ளி வெட்டு. அன்று வராமல் இருந்த அதே மக்கள், முதலாளி போனதும் சீட்டு வாங்கவும் சட்டை வாங்கவும் திரண்டு வந்தார்கள். கிளப்பைக் கைவிட்டவர்கள் இல்லை அவர்கள். கிளப்புக்காகத்தான் வீட்டில் இருந்தார்கள்.

வெட்டு வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. கணக்கைச் சரியாக வைத்திருக்கும் சின்னக் கிளப்புக்கு அது துரோகம். ஆனால் முதலாளி பணத்தை முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் செலவு என்று இருந்தால் வெட்டுக்கே வேலை இருக்காது. 1885ல் தொடங்கிய பரி கிளப் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. தாத்தா காலத்திலிருந்து போய்வந்த அரங்கம் ஒரு நாள் பூட்டப்பட்டது. அந்தப் பூட்டைத் தடுக்காத விதி என்ன விதி?

நம் ஊரில் பெரிய பணம் போட்ட கிளப் எது?

லயன் சிட்டி செய்லர்ஸ். முன்பு ஹோம் யுனைடெட். 2020ல் சீ குழுமம் (Sea) என்ற இணைய நிறுவனம் எடுத்துக்கொண்டது. இங்கே தனியார் கைக்குப் போன முதல் கிளப். 2021ல் டியேகோ லோப்பஸ் என்ற பிரேசில்காரருக்கு ஏறக்குறைய 2.9 மில்லியன் வெள்ளி கொடுத்தபோது உள்ளூரில் எல்லாரும் மலைத்தோம். பலன் இருக்கிறது. 2025 மே மாதம் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் டூ இறுதி ஆட்டம் பீஷானில் நடந்தது. ஷார்ஜாவுக்கு எதிராக 91வது நிமிடத்தில் சமன் செய்தோம், 97வது நிமிடத்தில் தோற்றோம். நான் அங்கே இருந்தேன். 1993க்குப் பிறகு அப்படி ஒரு சத்தத்தை இந்த ஊரில் கேட்டதில்லை.

பணம் போட்டதில் எனக்குக் குறை இல்லை. மற்றக் கிளப்களுக்கு அந்த அளவு ஏற வழியும் இல்லை, இறங்குவோம் என்ற பயமும் இல்லை என்பதுதான் குறை.

நம் ஊர்ப் பணம் வெளிநாட்டிலும் உண்டு. பீட்டர் லிம் 2014ல் ஸ்பெயினின் வலென்சியாவை வாங்கினார். 2019ல் பார்சலோனாவை வென்று ஸ்பானியக் கிண்ணம் கிடைத்தது. ஆனாலும் வருடக்கணக்காக ரசிகர்கள் அவரைப் போகச் சொல்லி அரங்கத்திலும் வெளியிலும் குரல் கொடுத்தார்கள். கிண்ணம் மட்டும் போதாது, தங்களைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

குழு ஏறிவிட்டால் ஆடுகளத்துக்குள் ஓடலாமா?

கூடாது. இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். இங்கிலாந்தில் 1991 சட்டப்படி அது குற்றம். 2022 மே மாதம் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் பிளேஆஃப் அரையிறுதியில் வென்றதும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஓரமாக நின்ற எதிரணி ஆட்டக்காரர் பில்லி ஷார்ப்பை ஒரு ஆள் தலையால் முட்டிக் கீழே தள்ளினார். 24 வாரச் சிறை. சந்தோஷமாக ஓடிய ஆயிரம் பேருக்கு நடுவே ஒரு ஆள் போதும்.

நம் பக்கத்து நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கம். சொந்தக் குழு தோற்றதும் சிலர் உள்ளே இறங்கினார்கள். போலிஸ் கண்ணீர்ப்புகை வீசியது. பயந்து ஓடியவர்கள் வாசல்களில் நெரிந்து 135 பேர் இறந்தார்கள். பிள்ளைகளும் அதில் உண்டு. இறங்கியவர்கள் மட்டுமா காரணம்? இல்லை. கூட்டத்தை எதிரியாகப் பார்த்த காவலும், நெருக்கமான வாசல்களும் பெரிய காரணம். 1989ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கக் கூட்ட நெரிசலில் 97 உயிர்கள் போனபோதும் முதலில் ரசிகர்களைத்தான் பழித்தார்கள். அது பொய் என்று நிலைநாட்ட அந்தக் குடும்பங்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

நம் ஜாலான் புசார் அரங்கத்தில் சத்தம் போடலாமா?

தாராளமாக. முரசு கொண்டு வருபவர்கள் உண்டு, ஹவ்காங் கிளப் ரசிகர்களின் பாட்டு தொண்டை கிழியும் வரை நிற்காது. நடுவர் தப்புச் செய்தால் "ரெஃப்ரி காயு" என்று கத்துவது இந்த வட்டாரத்துப் பழக்கம். காயு என்றால் மலாயில் மரக்கட்டை. அதுவரை சரி. இனத்தைச் சொல்லித் திட்டுவது, வீட்டுப் பெண்களை இழுப்பது, பாட்டில் எறிவது எல்லாம் கிடையாது. தமிழில் திட்டினால் யாருக்கும் புரியாது என்று நினைக்கும் தம்பிகளுக்கு: பக்கத்தில் இருக்கும் மலாய் அண்ணனுக்கு அந்த வார்த்தைகள் எல்லாமே தெரியும்.

காப்பிக்கடையில் ஆட்டம் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நேரம் முதலில். இங்கிலாந்தில் சனி மாலை 3 மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11, கோடையில் 10. வார நாள் ஆட்டம் விடியற்காலை 3.45 அல்லது 2.45. மறுநாள் வேலைக்குப் போகிறவர் யோசித்துக்கொள்ளுங்கள். இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. உரிமம் உள்ள கடைக்குள் இருந்தால் சரி. மீதி டின்னை எடுத்துக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்காராதீர்கள். லிட்டில் இந்தியாவில் விதி இன்னும் கடுமை.

பந்தயம் பற்றி ஒன்று. அரசு உரிமம் பெற்ற சிங்கப்பூர் பூல்ஸ் தவிர மற்ற ஏஜண்டுகளிடம் கட்டுவது குற்றம். எங்கள் மேசையில் எந்தப் பந்தயமும் இல்லை. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை ஒரு தம்பி ஒரே மாதத்தில் இழந்து நின்றதைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு.

எந்தக் குழுவை ஆதரிப்பது?

மேலே எதுவோ அதை அல்ல. ஏறத் துடிக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், இறங்கினாலும் விடாதீர்கள். கூடவே ஒரு உள்ளூர்க் குழு. 1998ல் ஹனோயில் ஆர். சசிகுமாரின் தோளில் பட்டு உள்ளே போன ஒரு கோலால் நாம் முதல் முறையாகத் தென்கிழக்கு ஆசியப் பட்டம் வென்றோம். அவரும் இந்தச் சின்ன லீக்கில் ஆடியவர்தான்.

தேக்காவில் சாப்பிட்டுவிட்டு ஃபேரர் பார்க் பக்கமாக நடந்தால் ஜாலான் புசார் அரங்கம் வந்துவிடும். அடுத்த முறை உள்ளூர் ஆட்டம் இருக்கும் நாளில் முன்கூட்டியே சொல்லுங்கள், உங்களுக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்து வைக்கிறேன்.